கூலியும் கொடையும்

(திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பது ஒருவர் வைத்துவிட்டுப் போன முதலின் வட்டியில் நடப்பது. இந்த ஒலிபெருக்கி, எனக்குப் போர்த்திய துண்டு, நீங்கள் குடித்த டீ எல்லாம் அந்த வட்டிதான். இப்படி ஒரு மேடையில் ஏறி நன்கொடையின் அறத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது, உண்ட வீட்டில் குறை சொல்வதாகாதா என்று சிலர் நினைக்கலாம். தலைப்பைச் சொன்னபோது பொறுப்பாளர்கள் மறுப்புச் சொல்லவில்லை. கேள்வியைப் பொறுத்துக்கொள்ளும் கொடை நல்ல கொடை என்பது என் எண்ணம். அந்தத் துணிவில் பேசுகிறேன்.

இந்த ஊரில் இதைப் பேசப் பொருத்தம் உண்டு. கோயில் மடப்பள்ளியிலும் கல்யாண மண்டபத்திலும் இருக்கும் அண்டாக்களில் ‘உபயம்’ என்று போட்டுப் பெயர் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் எத்தனையோ அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளில் அடித்தவை. கொடுத்தவர் பெயர் அதில் இருக்கும். அடித்தவர் பெயர் இராது. அதில் குற்றம் ஒன்றுமில்லை. அடித்தவருக்குக் கூலி சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தால் கணக்கு தீர்ந்தது. போய்ச் சேராமல் இருந்தால், அந்த அண்டாவில் ஒரு பங்கு அடித்தவருடைய உபயம். அவர் பெயரும் அதில் இருந்தாக வேண்டும். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் இதற்கு விளக்கம்.

வள்ளுவர் வைத்த வரிசை

ஈகையைப் பற்றிப் பேசினால் திருக்குறளைத் தொடாமல் முடியாது. குறளைச் சொல்வதை விட்டுவிட்டு, அதிகாரங்கள் நிற்கும் வரிசையை மட்டும் பாருங்கள். 21ஆவது தீவினையச்சம். 22 ஒப்புரவறிதல். 23 ஈகை. 24 புகழ். அடுத்தவருக்குத் தீமை செய்ய அஞ்சுவது முதலில் வருகிறது. ஊரோடு ஒத்து வாழும் கடமை அதன் பின்னே. கொடுப்பது மூன்றாவது. பெயரெடுப்பது கடைசி.

நம் காலத்துத் தொழில் உலகம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. பிளக்ஸ் பேனர் முதலில் வருகிறது. பிறகு நன்கொடை. ஊர்க் கடமையை நினைவுபடுத்த ஒரு சட்டம் தேவைப்படுகிறது. தீமைக்கு அஞ்ச வைக்க உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது.

முதலாளிகள் எல்லோரும் கெட்டவர்கள், அவர்கள் கொடுப்பதெல்லாம் வேஷம் என்று சொல்ல நான் வரவில்லை. கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. குடும்பத்துச் சகோதரர்கள் நான்கு பேர் 1926இல் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு வைத்தார்கள். அந்தப் பங்கிலிருந்து வந்த கல்லூரிகளில் படித்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கலாம். மிஞ்சியதைக் கொடுப்பதற்கும், பிரிக்கும்போதே இது ஊருடைய பங்கு என்று எழுதி வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. என் கேள்வி மனிதர்களின் குணத்தைப் பற்றியது அல்ல. லாபம் எப்படி உண்டாகிறது, அதிலிருந்து கொடை எப்படிப் பிறக்கிறது என்ற கணக்கைப் பற்றியது.

கூலியைப் பரிசாக்கும் வித்தை

நம் வட்டாரத்தில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சுமங்கலித் திட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தென் மாவட்டங்களிலிருந்து பதின்பருவப் பெண் பிள்ளைகளை நூற்பாலைகளுக்கு அழைத்து வந்தார்கள். மூன்று ஆண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை பார்க்க வேண்டும். மாதாமாதம் கையில் கிடைப்பது சொற்பம். மூன்று ஆண்டு முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை தருவார்கள்; கல்யாணத்துக்கு ஆகும். நோட்டீசில் மணக்கோலத்தில் ஒரு பெண்ணின் படம் போட்டிருக்கும்.

அந்தத் தொகை எங்கிருந்து வந்தது? அந்தப் பெண் நூற்ற நூலிலிருந்து வந்தது. மாதாமாதம் அவள் கைக்குப் போயிருக்க வேண்டிய கூலியைப் பிடித்து வைத்து, மூன்றாம் ஆண்டு முடிவில் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். இடையில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினால் தொகை போயிற்று. கூலியாக இருந்திருந்தால் வேலை செய்த நாளுக்கு அவள் கேட்டு வாங்கியிருக்கலாம். பரிசாக்கிவிட்டதால் கேட்க வாயில்லை. வாங்கும்போது நன்றியும் சொல்ல வேண்டியதாயிற்று.

2011இலும் 2014இலும் ஐரோப்பிய ஆய்வு அமைப்புகள் இதைப் பற்றி வெளியிட்ட அறிக்கைகளால் வெளிநாட்டு பிராண்டுகளுக்குச் சங்கடம் வந்தது. பிறகு அந்தப் பெயர் மறைந்துகொண்டு வந்தது. பெயர் போனதோடு பழக்கமும் போய்விட்டதா என்பதை விடுதிகளில் இருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நமக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் இது: ஒருவருக்குச் சேர வேண்டியதை எடுத்து, அதில் ஒரு பகுதியை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொடையாளி ஆக முடியும். சுமங்கலித் திட்டத்தில் இது கண்ணுக்குத் தெரிந்தது. மற்ற இடங்களில் எடுத்தது ஒருவரிடம், கொடுத்தது வேறொருவரிடம் என்று போய்விடுவதால் தெரிவதில்லை.

நொய்யலுக்கு வைத்த பாக்கி

வேறொருவரிடம் என்றேனே, அதற்கு நொய்யல் ஆற்றைப் பாருங்கள். அதன் குறுக்கே 1992இல் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள், பாசனத்துக்காக. அதில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து தேங்கியது. ‘தண்ணீர் திறந்து விடுங்கள்’ என்று கேட்க வேண்டிய விவசாயிகள் ‘தயவுசெய்து திறக்காதீர்கள்’ என்று கேட்கும் நிலை வந்தது. கிணற்று நீர் உப்பாகி, மண் கெட்டு, தென்னை கருகியதைக் கண்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.79 கோடி ரூபாய் இழப்பீடு என்று 2004இல் கணக்கிடப்பட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்பதை உறுதி செய்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற முறை அதன் பிறகுதான் ஒழுங்காகக் காலூன்றியது.

24.79 கோடியை 28,596 பேருக்குப் பங்கிட்டுப் பாருங்கள். ஆளுக்குச் சராசரி 9,000 ரூபாய்க்கும் கீழே வருகிறது. நிலம் போனவருக்கு அது எந்த மூலைக்கு? இருந்தாலும் அந்த 9,000 ரூபாய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது யாருடைய தயவும் கலக்காத பணம். வாங்கியவர் யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. கோயில் தேருக்குப் பத்து லட்சம் கொடுப்பது எளிது. விவசாயிக்கு 9,000 கொடுப்பது கடினமாக இருந்தது, நீதிமன்றம் நீதிமன்றமாக வழக்கு நடத்த வேண்டியிருந்தது. ஏனென்றால் தேருக்குக் கொடுப்பது பெருமை. விவசாயிக்குக் கொடுப்பது, நாம் கெடுத்தோம் என்று ஒப்புக்கொள்வது.

இன்று திருப்பூரில் நல்ல வேலைகள் நடக்கின்றன. ‘வனத்துக்குள் திருப்பூர்’ என்று 2015இல் தொடங்கிய மரம் நடும் இயக்கம் பல லட்சம் மரக்கன்றுகளை வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் வெட்டவெளியாகக் கிடந்த இடங்களில் நிழல் இருக்கிறது. அதை மனமாரப் பாராட்டுகிறேன். மரக்கன்றுக்குள்ள மதிப்பு மரக்கன்றுக்கு. ஆனால் அதை ஆற்றுக்கு வைத்த பாக்கிக்கு ரசீதாகக் காட்டினால் இரண்டும் கெடும்.

இரண்டு சதவீதத்தின் கணிதம்

நிறுவனங்கள் சட்டம், 2013இன் 135ஆவது பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சி.எஸ்.ஆர். என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. 500 கோடி நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி விற்றுமுதல், அல்லது 5 கோடி நிகர லாபம் உள்ள கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் நடைமுறை. பார்ட்னர்ஷிப்பாகவும் தனி உரிமையாகவும் நடக்கும் பட்டறைகளும் பனியன் கம்பெனிகளும் இதற்குள் வராது. பெரியவை வரும்.

இந்த 2 சதவீதம் லாபத்தின் மேல் போடப்படுவது. கூலி கொடுத்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம். ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 500 பேர் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சேர வேண்டிய கூலியில் 50 ரூபாய் குறைக்கிறார்கள். 300 வேலை நாளுக்கு 75 லட்சம் ரூபாய் மிஞ்சும். அது லாபத்தில் சேரும். அதன் 2 சதவீதம் 1,50,000 ரூபாய். அந்தப் பணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டலாம், திறப்பு விழா நடத்தலாம். அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் சிலர், 50 ரூபாய் இழந்தவர்களின் பிள்ளைகளாகவே இருப்பார்கள். அம்மாவிடம் ஆண்டுக்கு 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பிள்ளைக்குக் கழிப்பறைக் கதவு கொடுத்தது போல. கூலி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தர்மம் கூடும் என்ற விசித்திரமான கணிதம் இது.

இலவச மருத்துவ முகாமும் அப்படித்தான். ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி கட்ட வேண்டியது சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். இதைக் கட்டினால் பிரசவம், அறுவை சிகிச்சை, விபத்து என்று குடும்பத்துக்கே வழி உண்டு. பீஸ் ரேட்டிலும் காண்ட்ராக்டிலும் வைத்துக்கொண்டு பெயரைப் பதியாமல் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முகாமில் பிரஷர் பார்த்து ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தால் எது கூடுதல், எது குறைவு என்று கேட்க வேண்டாமா? முகாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கட்டும், அதன் மேல் முகாமும் நடக்கட்டும்.

இன்னொன்று. வருமான வரிச் சலுகைக்கு ரசீது வாங்கும் நன்கொடையில் கொடுத்தவர் பணம் மட்டும் இல்லை. அவருக்குத் தள்ளுபடியாகும் வரி பொதுப் பணம். நீங்களும் நானும் அதில் பங்குதாரர்கள். கல்வெட்டில் மட்டும் ஒரே பெயர்.

வாங்கிவிட்டால் வாய் அடைபட்டதா?

ஒரு நண்பர் என்னிடம் கேட்டார்: ‘அப்படியானால் இவர்களிடம் வாங்கவே கூடாதா?’ இதற்குப் பதில் அகமதாபாத்தில் இருக்கிறது. அதுவும் ஜவுளி நகரம்தான்.

1915இல் காந்தி அங்கே ஆசிரமம் தொடங்கினார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். உதவி செய்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். கையில் காசில்லை. அப்போது ஒரு பணக்காரர் காரில் வந்து 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் பெயரை வெளியில் சொல்லும்படிகூடக் கேட்காமல் போய்விட்டார். அவர் மில் அதிபர் அம்பாலால் சாராபாய். மூன்றாண்டு கழித்து, 1918இல், அகமதாபாத் மில் தொழிலாளர் போராட்டம் வந்தது. பிளேக் காலத்தில் தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடாமல் இருக்கக் கொடுத்த போனசை நிறுத்தியதால் வந்த சண்டை. முதலாளிகள் 20 சதவீத உயர்வு என்றார்கள். காந்தி தரப்பு 35 என்றது. முதலாளிகள் பக்கம் முன்னால் நின்றவர் அதே அம்பாலால். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சொந்த அக்கா அனசூயா. காந்தி உண்ணாவிரதம் இருந்தார். கடைசியில் நடுவர் தீர்ப்பாகக் கிடைத்ததும் 35தான்.

ஆசிரமத்தைக் காப்பாற்றியவரின் பணத்தை வாங்கிக்கொண்ட காந்தி, அந்தப் பணத்துக்காகத் தொழிலாளர் கூலியில் ஒரு சதவீதம்கூட விட்டுத்தரவில்லை. அம்பாலாலும் ‘நான் கொடுத்தவன்’ என்று சொல்லிக் காட்டவில்லை. கொடைக்கு உரிய இடம் எதுவோ அங்கே அது இருந்தது. கூலிப் பேச்சு தனியே நடந்தது. கொடுப்பவரும் வாங்குபவரும் இந்த அளவுக்கு நிமிர்ந்து நிற்க முடிந்தால் யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம்.

அந்த போனசின் கதையையும் பாருங்கள். முதலாளி மனம் வைத்தால் கொடுப்பது, இல்லாவிட்டால் நிறுத்துவது என்று இருந்த ஒன்று, 1965இல் சட்டமானது. குறைந்தது 8.33 சதவீதம் என்று இன்று இருக்கிறது. தீபாவளிக்கு முன் போனஸ் கேட்டுச் சங்கம் கதவைத் தட்டும்போது யாரும் பிச்சை கேட்பதாக நினைப்பதில்லை. திருப்பூரில் பஞ்சப்படிக்காக 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. இந்த ஊரில் பாத்திரக் கூலி ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் பேச்சுவார்த்தையும், பேச்சு முறிந்தால் பட்டறை அடைப்பும் நடக்கின்றன. ஒப்பந்தத்தில் ஏறும் ஒவ்வொரு ரூபாயும், கொடையாக வாங்க வேண்டிய அவசியத்தில் ஒரு ரூபாயைக் குறைக்கிறது.

‘எங்களுக்கே மிஞ்சுவதில்லை’

முதலாளிகள் தரப்பிலும் நியாயம் உண்டு. பவர்டேபிள் என்னும் தையல் யூனிட் வைத்திருப்பவருக்கு ஜாப் ஒர்க் கொடுப்பவர் விலை வைக்கிறார். அவருக்கு எக்ஸ்போர்ட்டர். எக்ஸ்போர்ட்டருக்கு வெளிநாட்டு பையர். நூல் விலை ஏறினாலும் பனியன் விலை ஏறுவதில்லை. சனிக்கிழமை சம்பளம் போடக் கடன் வாங்கும் சிறு முதலாளிகளை நான் அறிவேன். பெரிய லாபம் இருக்கும் இடம் வேறு, அது வெளிநாட்டு பிராண்டுகளிடம். அந்த இடத்திலும் ஒரு தர்ம ஸ்தாபனம் இருக்கிறது, பளபளப்பான ஆண்டறிக்கையோடு.

அந்தத் தர்மத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு சான்று: 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் மாண்டார்கள். அதற்குப் பின் இரண்டு ஏற்பாடுகள் நடந்தன. ஒன்று, பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதி. பிராண்டுகள் விரும்பினால் விரும்பிய அளவு போடலாம். தேவைப்பட்ட 3 கோடி டாலர் சேர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. இன்னொன்று, கட்டடப் பாதுகாப்புக்கான ஒப்பந்தம். சங்கங்களும் பிராண்டுகளும் கையெழுத்திட்டது, மீறினால் வழக்குப் போடலாம். அதன் பேரில் ஆயிரத்துக்கும் அதிகமான தொழிற்சாலைகள் சோதிக்கப்பட்டு, விரிசல்களும் தீத்தடுப்புக் குறைகளும் சரிசெய்யப்பட்டன. பெரிய மனசுக்காகக் காத்திருந்த நிதி இழுத்துக்கொண்டே போனது. கையெழுத்து வேலை செய்தது.

நமக்குப் பக்கத்திலும் ஒரு கையெழுத்து உண்டு. திண்டுக்கல் வட்டாரத்தில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம்பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில், வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் தொல்லைகளைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. திருப்பூரின் ஈஸ்ட்மேன் நிறுவனமும் அதில் கையெழுத்திட்டது. வெளிநாட்டு பிராண்டுகளும் தனியே உடன்படிக்கை செய்து அதற்குக் கட்டுப்பட்டன. இரங்கல் தொகையோடு முடிந்திருக்கக்கூடிய ஒன்று, லைனில் நிற்கும் பெண் புகார் சொல்லும் உரிமையாக மாறியது.

எட்டயபுரம் காட்டிய வழி

இவ்வளவு சொன்ன பிறகு, ‘எல்லாம் உரிமையாகும் வரை பசித்தவன் காத்திருக்க வேண்டுமா’ என்று கேட்பீர்கள். கூடாது. கொரோனா ஊரடங்கு காலத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் அறைகளில் அடைபட்டுக் கிடந்தபோது பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் செய்தது பேரறம். அந்த நேரத்தில் யாரும் அமைப்பு மாற்றம் பேசிக்கொண்டிருக்க முடியாது. உயிர் போகும் இடத்தில் கொடு, பிறகு கேள். அதேசமயம் கொடையால் ஒரு வழியைத் திறக்கவும் முடியும். அதற்கும் நம்மிடமே சான்று உண்டு.

காமராசர் காலத்து மதிய உணவை நினைத்துப் பாருங்கள். 1956இல் எட்டயபுரத்தில் அது தொடங்கியபோது அரசிடம் பெரிய நிதி இல்லை. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பொதுமக்களிடம் கேட்டார். ஊரார் அரிசியும் பருப்பும் காசும் கொடுத்தார்கள். அரசு தன் பங்கைச் சேர்த்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதை மாநிலம் முழுக்கச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நாடெங்கும் பள்ளிகளில் சமைத்த உணவு தர உத்தரவிட்டது. 2013இல் அது உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தது. 2022இல் தமிழ்நாட்டில் காலை உணவும் சேர்ந்துகொண்டது. இன்று தட்டேந்தும் குழந்தைக்கு யார் உபயம் என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. முதல் மூட்டை அரிசி கொடுத்த ஊர்க்காரர் பெயர் மறைந்துபோனதுதான் அந்தக் கொடையின் வெற்றி.

சில யோசனைகள்

யோசனை சொல்லாமல் இறங்கினால் பேச்சு பேச்சோடு போய்விடும்.

நன்கொடை வாங்கும் கோயில் கமிட்டி, பள்ளி வளர்ச்சிக் குழு, இலக்கிய அமைப்பு யாராக இருந்தாலும், தொழில் நடத்துபவருக்குச் சால்வை போடுவதற்கு முன் ஈ.எஸ்.ஐ., பி.எஃப். கட்டிய சலானைக் கேளுங்கள். சிரிக்காதீர்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது விசாரிப்பதில் நூறில் ஒரு பங்குதான் இது. சரியாகக் கட்டுபவர் பெருமையோடு காட்டுவார். அவரைத்தான் மேடையில் முதலில் உட்கார வைக்க வேண்டும். பக்கத்துக் கம்பெனிக்காரர் கட்டாமல் மிச்சம் பிடித்து விலையைக் குறைத்து அவருடைய ஆர்டரைத் தட்டிக்கொண்டு போகிறார் என்பதை மறக்க வேண்டாம்.

வாங்குகிறவர்களைப் படம் பிடிப்பதை நிறுத்துங்கள். நோட்டுப் புத்தகத்துக்காகப் பிள்ளையின் முகத்தை பேனரில் ஏற்ற நமக்கு உரிமையில்லை.

அறக்கட்டளை நடத்துபவர்கள் ஒவ்வொரு வேலையைத் தொடங்கும்போதும், இதை எந்த நாளில் அரசோ ஒப்பந்தமோ சட்டமோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் குரல் கொடுப்பதையும் உங்கள் வேலையில் ஒன்றாக்குங்கள். நூறு ஆண்டு இலவசச் சிகிச்சை கொடுத்தோம் என்பதைவிட, பத்தாண்டு கொடுத்தோம், அதற்குள் அரசு மருத்துவமனையில் அந்தப் பிரிவு வந்துவிட்டது என்பது பெரிய சாதனை.

தொழிலாளர் தோழர்களுக்கு ஒன்று. உதவி வந்தால் கூச்சப்படாமல் வாங்குங்கள். வாங்கியதற்காகக் கூலிப் பேச்சில் குரலைத் தாழ்த்தாதீர்கள். அப்படித் தாழ்த்தினால், அடுத்த ஆண்டும் நீங்கள் வாங்கத்தான் வேண்டியிருக்கும்.